மயிலுக்கு நேர்ந்த காவடி

வீரகத்தி தன் வயலில் கட்டி நிறுத்திய வெருளியின் தலையில் ஒரு மயில் ஏறி நின்று அகவியதை முதலில் கண்டவர் தில்லைநாதர். கண்டவர் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் வாய்க்கால் கட்டால் போன வந்த எல்லோரையும் மறித்து, "உங்கை பாருங்கோ, வீரகத்தி மயிலுக்குக் குந்தியிருக்கக் கதிரை போட்டுக் குடுத்திருக்கிறான்" என்று கை நீட்டிக் காட்டினார். பின்னேரத்துக்குள் பாலையடிக் கொலனி முழுவதும் அந்தக் கதைதான். பழைய சேட்டும் சட்டித் தலையுமாகப் பயமுறுத்த நிறுத்திய பொம்மை, மயிலாருக்கு ஊர் பார்க்கும் மேடையாகிவிட்டது.

நெடுங்கேணியிலிருந்து கிழக்கே காட்டு வழியில் போனால், குளத்து வாய்க்கால் முடிகிற இடத்தில் அந்தக் கொலனி இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் காட்டை வெட்டிக் காணி பிரித்து, யாழ்ப்பாணத்துச் சனங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கரவெட்டியில் தகப்பன் விட்டுப்போன புகையிலைத் தோட்டத்தைச் சகோதரங்களுடன் பங்கிட்டால் தனக்குக் கால் நீட்டிப் படுக்கவும் இடம் வராது என்று கண்டு வந்தவன் வீரகத்தி. அவனுக்கு விழுந்தது கடைசிக் காணி. மூன்று பக்கம் அயலவர், நாலாவது பக்கம் காடு. காட்டுப் பக்கம் அவன் நல்ல வேலிதான் அடைத்திருந்தான். பறக்கிறவற்றுக்கு வேலி ஒரு பொருட்டா?

பெயரில் இருக்கிற வீரம் ஆளில் இல்லை என்று கொலனியில் பகிடி பண்ணுவார்கள். அது அநியாயம். பாம்பைக் கண்டால் நின்று பிடிப்பான். யானை வந்தால் பந்தம் கொளுத்திக்கொண்டு முதல் ஆளாகப் போவான். அவனுக்குப் பேசத்தான் பயம். ஒரு சொல் அவன் தொண்டையை விட்டு வெளிக்கிடுவதற்குள் மற்றவர்கள் கதையை முடித்து, வெற்றிலையும் போட்டு, வேட்டியை உதறிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். அவனும் சொல்லை விழுங்கிக்கொண்டு எழும்புவான். இப்படி விழுங்கி விழுங்கியே அவன் மெலிந்துபோனான் என்பது என் எண்ணம்.

அவன் வயலுக்கு வராத பறவை கிடையாது. விடியப்புறம் மயில்கள் வரும். மயிலுக்கு அவசரமே இல்லை. கலியாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி ஆறுதலாக நடந்து, ஒரு கதிரை அலகால் பிடித்து உருவி, அடுத்ததைத் தலை சரித்துப் பார்த்து, அதையும் உருவும். கிளி அப்படியில்லை. கதிரோடு நறுக்கிக்கொண்டு போய் மரத்திலிருந்து பாதியைத் தின்று பாதியைக் கீழே போடும். கீழே விழுவதைப் பொறுக்கக் காட்டுக்கோழி காத்து நிற்கும். நெல்லுக்குருவியோ பால் பிடிக்கிற மணியைச் சப்பிவிட்டுச் சக்கையை அப்படியே விட்டுப்போகும். தூரத்தில் நின்று பார்த்தால் பயிர் செழிப்பாய் நிற்கும், கிட்டப் போனால் எல்லாம் பதர். கொக்கு ஒன்றுதான் நெல்லைத் தொடாது. பாவம், அது தவளைக்கும் பூச்சிக்கும் வந்தது. ஆனால் வீரகத்தி மண்ணாங்கட்டி எறிந்தால் பயந்து பறப்பது அந்தக் கொக்குத்தான். மயில், கட்டி விழுந்த இடத்துக்கு வந்து, அது தின்னக்கூடியதோ என்று கொத்திப் பார்க்கும்.

மயிலைச் சுடுவதென்று யாரும் நினைத்ததில்லை. முருகனுடைய வாகனத்தை யார் சுடுவது? துவக்கு வைத்திருந்தவர்கள் பன்றிக்குச் சுட்டார்கள். மயிலைக் கண்டால் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இது மயில்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அறுபத்திரண்டாம் ஆண்டு மாரிமழைக்கு விதைத்த காலபோகத்தில் அவை தின்ற தின்னலில் பக்தியும் ஆட்டம் கண்டது. சுட்டால்தானே பாவம், வயலுக்கு அடிக்கிற மருந்தை நெல்லில் குழைத்து வரம்பில் வைப்போம், தானாக வந்து தின்று செத்தால் அது மயிலின் விதி என்று சிலர் சட்டம் பேசினார்கள். வேண்டாம், குலம் அழியும் என்று மற்றவர்கள் மறித்தார்கள். கோயில் காரியம் பார்க்கிற மணியமாக இருந்த தில்லைநாதர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். அவருடைய வயலிலும் பாதி போயிருந்தது.

வீரகத்திக்குப் பாதி இல்லை, முழுதும் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், மயில் கிள்ளி முடித்த மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவன் பெண்சாதி கமலாசனி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொல்லுறன். காலபோகம் போச்சு. வரப்போற சிறுபோகமும் மயிலுக்கெண்டா நான் பெத்த ஐயா வீட்டை போறன். தின்னவும் இல்லை, நித்திரையும் இல்லை. எனக்கு இனி ஏலாது."

"ம்" என்றான் வீரகத்தி.

அந்த ஒரு எழுத்துக்குள் எவ்வளவோ கிடந்தது. போகாதையும் என்பது கிடந்தது. நீர் போனால் இந்த வளவில் எனக்கு என்ன வேலை என்பது கிடந்தது. ஆனால் கட்டியவளுக்குச் சோறு போட வழியில்லாதவன் எந்த வாயால் இரு என்று கேட்பது? அந்த வெட்கம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக் குந்திக்கொண்டது. கமலாசனி கொஞ்சநேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு சொல் வருமோ என்று நின்றாள் என்பது அவனுக்கும் விளங்கியது. வரவில்லை. அவள் உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே கிடந்த றங்குப்பெட்டியை இழுத்துத் தூசி தட்டி, நல்ல சீலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

மனிதரிடம் பேச வராதவனுக்கு முருகனிடம் மட்டும் தாராளமாகப் பேச வரும். கொலனிக் கோயில் என்பது ஓலைக் கொட்டிலுக்குள் நட்ட ஒரு வேல். அதற்கு முன்னால் போய் நின்று, "அப்பனே, உன்ரை வாகனத்தை நீயே கூப்பிட்டு எடு. ஆடிக் கார்த்திகைக்கு உனக்குக் காவடி எடுக்கிறன்" என்று நேர்ந்துகொண்டான். காரியம் பலித்த பிறகு நேர்த்தியைத் தீர்ப்பதுதான் ஊர் வழக்கம். வீரகத்தி முந்திக்கொண்டான். சிறுபோகக் கதிர் முற்றுவதற்கு முதல் முருகன் அசைய வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

காவடிக்கு மயிலிறகு வேண்டும். அதற்காக எங்கும் அலையத் தேவையில்லை, தின்றவனிடமே வாங்கலாம். பாலைப்பழம் பழுக்கிற காலமும் மயில் தோகை உதிர்க்கிற காலமும் ஒன்றாகவே வந்தன. பழத்துக்கு மரமேறிய மயில்கள் அங்கேயே படுத்தெழும்பி இறகை உதிர்த்தன. ஒவ்வொரு நாளும் காலையில் அவன் மரத்தடிக்குப் போய், வாய்க்குள் வைதுகொண்டே, அந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். வடிவாகத்தான் இருந்தன. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

பொறுக்கியதை எங்கே வைப்பது? வீட்டுக் கூரை கிடுகு. மழைக்கு ஒழுகும், எலியும் உண்டு. வளவிலேயே நல்ல கூரை கோழிக்கூட்டுக்குத்தான். மலசலகூடத்துக்கென்று குடியேற்றத் திட்டத்தில் கொடுத்த தகரத்தைக் கமலாசனி கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்தாள். மனிசருக்குக் காடு இருக்கு, கோழிக்கு ஆர் இருக்கு என்பது அவள் நியாயம். அந்தக் கோழிகள்தான் காட்டு வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோசம். ஆகவே வீரகத்தி, இறகுகளைக் கட்டாகக் கட்டி, கோழிக்கூட்டுத் தகரத்தின் கீழே, அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கு நேர் மேலே தொங்கவிட்டான். அவன் செய்த பிழை இவ்வளவுதான்.

ஏனென்றால் அந்தக் கூட்டுக்குள் அவனுக்குத் தெரியாத குடித்தனம் ஒன்று இருந்தது. காலையில் கமலாசனி தவிடும் பழஞ்சோறும் போட்டால், அவளுடைய கோழிகளோடு காட்டுக்கோழியும் வரும், மயிலும் வரும். தின்று முடிந்ததும் எல்லாமாகச் சேர்ந்து அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழியில் புரண்டு குளிக்கும். காடு, வீடு என்ற பேதம் அங்கே இல்லை. ஒன்றின் செட்டையில் இருந்தது மற்றதின் செட்டைக்கு ஏறிக்கொண்டது.

ஆடிக் கார்த்திகை வந்தது. கொலனி முழுவதும் கோயிலடியில் நின்றது. வீரகத்தி வெறும் மேலோடு, மஞ்சள் வேட்டியைக் கச்சையாகக் கட்டி, தோளில் காவடியை ஏற்றினான். சிவப்புத் துணி சுற்றிய வளைவின் இரண்டு பக்கமும் அந்த மயிலிறகுக் கட்டுகள், சரியாக அவன் பிடரியோடு உரசிக்கொண்டு நின்றன. மேளம் அடித்தார்கள். வீரகத்தி ஆடினான். அதை ஆட்டம் என்று சொன்னால் ஆட்டத்துக்கு மரியாதை இல்லை. நெல் மூட்டை தூக்கினவன் வரம்பில் கால் வைக்கிற மாதிரி இடம் பார்த்து இடம் பார்த்து வைத்தான். பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். கமலாசனி நிலத்தைப் பார்த்தாள்.

கோயிலை அரைச் சுற்று வந்திருப்பான். வெயில் ஏறியது, உடம்பு சூடாகியது. பிடரியில் ஏதோ ஊர்ந்தது. தோளைக் குலுக்கினான். முதுகில் ஊர்ந்தது. வளைந்தான். பிறகு விலாவில், கக்கத்தில், இடுப்பில், எங்கே என்று சொல்ல முடியாமல் எங்கும் ஊர்ந்து கடிக்கத் தொடங்கியது. காவடியை இறக்கிச் சொறியலாமா? நேர்த்திக் காவடியை நடுவழியில் இறக்கினால் ஏழு தலைமுறைக்கும் ஆகாது. கை இரண்டும் தண்டில். வேறு வழி? வீரகத்தி துள்ளினான். சுழன்றான். பின்னால் வளைந்து, முன்னால் பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்று, பம்பரமாகச் சுற்றினான். மேளகாரர் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு அடியைக் கூட்டினார்கள்.

"உரு வந்திட்டுது! வீரகத்தியிலை சாமி வந்திட்டுது!" என்று ஒருவர் கத்த, "அரோகரா!" என்று காடு அதிர்ந்தது.

பெண்கள் ஓடிவந்து குடத்து மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். ஒருத்தி வேப்பிலைக் கொத்தால் முதுகைத் தடவினாள். அந்தச் சுகத்தை எந்தப் புலவனாலும் பாட முடியாது. வாழ்நாளில் முதல் தடவையாக வீரகத்தி நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து உரத்துப் பேசினான்.

"ஊத்துங்கோ! இன்னும் ஊத்துங்கோ! முதுகிலை அடியுங்கோ!"

"சாமி குளிர்த்தி கேக்குது!" என்றார் தில்லைநாதர். குடம் குடமாக ஊற்றினார்கள். வேப்பமரத்தில் இலை மிஞ்சவில்லை. பேனைப் பெருமாளாக்குவது பழைய கதை. பாலையடிக் கொலனி அதையும் தாண்டிப் போய்விட்டது.

அன்று வீட்டுக்கு வந்த வீரகத்தி நெஞ்சு நிறைந்து இருந்தான். முருகன் தன்னில் வந்தான் என்று அவன் உண்மையாகவே நம்பினான். வந்தவன் நேர்த்தியைக் கேட்காமலா போவான்? மயில் போய்விடும், வயல் விளையும், றங்குப்பெட்டி திரும்பவும் வெறும் பெட்டியாகும். கமலாசனி அவன் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினாள்.

"முதுகெல்லாம் தடிச்சுச் சிவந்து கிடக்கு."

"சாமி வந்த உடம்பெண்டா அப்பிடித்தான்" என்றான் அவன், மிகுந்த அடக்கத்தோடு.

ஊரே மாறிவிட்டது. வாழைக்குலை வந்தது. பிள்ளைகளுக்கு விபூதி போடக் கூட்டிவந்தார்கள். முந்தி "டேய்" என்று கூப்பிட்டவர்கள் "அண்ணை" என்றார்கள். தில்லைநாதரே படலை திறந்து வந்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி வீரகத்தி, மயிலுக்கு மருந்து வைக்கிற கதை முடிவில்லாமல் கிடக்கெல்லோ. நாங்கள் மனிசர் முடிவெடுத்து ஏன் பாவத்திலை விழுவான்? வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்கு நீர் முழுகிப்போட்டு வாரும். உம்மிலை வாற சாமியையே கேட்பம். சாமி வையுங்கோ எண்டா வைப்பம். வேண்டாம் எண்டா விடுவம். எல்லாரும் ஒத்துக்கொண்டிட்டினம்."

வீரகத்தி தலையாட்டினான். அவனிடம் வருகிற முருகன் எல்லாம் பார்த்துக்கொள்வான் என்ற தைரியம்.

அந்தத் தைரியம் புதன்கிழமை காலை மட்டும்தான் இருந்தது. புதன்கிழமைகளில் கோழியும் முட்டையும் வாங்க மீராசாகிபு வருவார். முல்லைத்தீவுப் பக்கத்தில் நீராவிப்பிட்டிக்காரர். சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு கொலனி கொலனியாகத் திரிந்த மனிதர், கோழி சாதியில் அவருக்குத் தெரியாத வியாதி இல்லை. ஒரு பேட்டுக்கோழியைப் பிடிக்கவென்று கூட்டுக்குள் கையை விட்டவர், பாம்பைத் தொட்டவர்போல வெளியே இழுத்தார். முழங்கை வரையில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். புள்ளிகள் நடந்தன.

"அல்லாவே! தங்கச்சி, கூடு முழுக்கச் செள்ளு! கோழியின்ரை இரத்தம் குடிக்கிற சாமான். மயிலும் காட்டுக்கோழியும் உங்கடை கோழியளோடை சாம்பல் குளிக்குது போலை. அதுகள் காட்டிலை இருந்து சுமந்துகொண்டு வந்து இறக்கிவிடும். சும்மா நேரத்திலை தடியிடுக்கிலை பேசாமல் கிடக்கும். உடம்புச் சூடு பட்டுதோ, வெளிக்கிட்டிடும்."

கையைத் தட்டிக்கொண்டே அவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தகரத்தின் கீழே கயிறு ஒன்று தொங்கியது. அதில் ஒரு மயிலிறகு மட்டும் மிஞ்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்ன, மயிலிறகையும் இதுக்குள்ளையோ வைச்சிருந்தனீங்கள்? மிச்சம் எங்கை?"

"காவடியிலை" என்றான் வீரகத்தி.

மீராசாகிபு அவனுடைய பிடரியைப் பார்த்தார். விலாவைப் பார்த்தார். பாலையடிக் காவடி ஆடிய ஆட்டம் முல்லைத்தீவு ரோட்டு வரைக்கும் போயிருந்தது. அவரும் தேத்தண்ணிக் கடையில் கேட்டிருந்தார். கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"சாமி விசயம் எனக்குத் தெரியாது தம்பி. நான் ஒண்டும் சொல்லவும் இல்லை, ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன். செள்ளு விசயம் மட்டும் தெரியும். தடியளுக்கு மண்ணெண்ணெய் பூசுங்கோ."

அவர் தலை மறையும் வரைக்கும் கமலாசனி அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு கோழிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்து விழுந்து, கண்ணால் தண்ணீர் ஓட, மூச்சு வாங்கிச் சிரித்தாள். "முதுகிலை அடியுங்கோ எண்டியளே!" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு போகத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேறு ஒருநாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்காக வீரகத்தி இன்னொரு காவடி எடுத்திருப்பான். இன்றைக்கு அவன் வேறு கணக்குப் பார்த்தான். வந்தது செள்ளென்றால் முருகன் வரவில்லை. முருகன் வரவில்லையென்றால் நேர்த்தியும் போய்ச் சேரவில்லை. மயில் போகாது. இவள்தான் போவாள்.

வெள்ளிக்கிழமை அவன் முழுகிவிட்டு வந்து, நனைந்த தலையோடு கமலாசனிக்கு முன்னால் நின்று சொன்னான்:

"நான் உண்மையைச் சொல்லப் போறன்."

"என்னெண்டு?"

"செள்ளெண்டு."

"சொன்னா, சாகுமட்டும் செள்ளு வீரகத்தி எண்டுதான் கூப்பிடுவினம். பரவாயில்லையோ?"

"சாமி பேரிலை பொய் சொல்ல ஏலாது" என்றான். அவன் அவளிடம் ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் சொன்னது அபூர்வம். கமலாசனி அவனை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போனாள், பின் கதவால் வளவுக்குப் போனாள், கொஞ்சம் பிந்தி வந்தாள். தோய்த்து மடித்த சால்வையை அவன் தோளில் போட்டு, பிடரியோடு சேர்த்து நன்றாக இழுத்துவிட்டாள்.

"வடிவாப் போட்டுக்கொண்டு போங்கோ" என்றாள்.

கோயிலடியில் ஊசி போட இடமில்லை. பூசை முடிந்தது. மேளம் அடித்தது. வீரகத்தி வேலுக்கு முன்னால் கும்பிட்டபடி நின்றான். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஒருவர் இருமினார். இதுதான் நேரம் என்று, சொல்லவேண்டியதைத் தொண்டையில் ஒழுங்கு பண்ணிக்கொண்டு, அவன் வாயைத் திறந்தான்.

அப்போது பிடரியில் ஊர்ந்தது.

சால்வை மடிப்புக்குள் கையை விட்டான். வைக்கோல் துரும்பு தட்டுப்பட்டது. அடைக்கோழி படுத்த வைக்கோல். திடுக்கிட்டுத் திரும்பினான். பெண்கள் பக்கத்தில் கமலாசனி, உலகத்தில் வேறொன்றும் அறியாதவள்போல, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கு முன்னால் தன் புருசன் கேலிப்பொருளாவதை அவள் பொறுக்கப்போவதில்லை. வீட்டில் அவள் எவ்வளவும் சிரிப்பாள், அது வேறு. அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. அதற்குள் கடியும் வந்துவிட்டது. வீரகத்தி துள்ளினான்.

"அரோகரா!"

தில்லைநாதர் கைகூப்பி முன்னால் வந்தார். "முருகா, மயிலுக்கு மருந்து வைக்கட்டோ, விடட்டோ? வாக்குச் சொல்லு அப்பனே!"

வையுங்கோ என்று ஒரு சொல். நாலு நாளில் மயில் இருக்காது, வயல் இருக்கும், கமலாசனியும் இருப்பாள். துள்ளிக்கொண்டே வீரகத்தி அதை நினைத்தான். கூடவே சாம்பல் குழியும் நினைவில் வந்தது. மயில் தின்கிற இடத்தில்தான் அவளுடைய கோழிகளும் தின்கின்றன. மருந்துக்கு எது காடு, எது வீடு என்று தெரியுமா? அந்த வெருளியில் ஏறுகிறவன் பெரிய கள்ளன்தான். ஆனாலும் அவன் வரம்பில் கழுத்து முறுகி வாயில் நுரையோடு கிடப்பதை எப்படிப் பார்ப்பது? சொல்ல வந்த சொல் போய், நினையாத சொல் வெளியே பாய்ந்தது.

"மருந்து வைச்சால் நான் எதிலை ஏறி வாறது?"

தில்லைநாதர் தடாலென்று நிலத்தில் விழுந்தார். "பிழை பொறுத்துக்கொள் அப்பனே! நாங்கள் அறியாத சனம்!" மருந்து வைக்கச் சட்டம் பேசியவர்கள்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வீரகத்தி தன் வயலைத் தானே மயிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அது விளங்கியதும் கமலாசனியைத் தேடினான். அவள் நின்ற இடத்தில் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலைக்கு மேல் கைகூப்பியபடி, அவனுக்கு நேரே வந்துகொண்டிருந்தாள்.

"சாமி, எனக்கும் ஒரு வாக்குச் சொல்லோணும்."

"கேள் பிள்ளை, கேள்" என்று தில்லைநாதர் நிலத்தில் கிடந்தபடியே ஊக்கப்படுத்தினார்.

"என்ரை மனுசன் நல்லவர் சாமி. ஆனா வாய் திறவார். வயல் மயிலுக்குத்தான் எண்டு இப்ப நீங்களே சொல்லிப்போட்டியள். அப்ப நான் ஐயா வீட்டை போகட்டோ, இருக்கட்டோ? அவர் என்ன நினைக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. நீங்களாவது சொல்லுங்கோ."

மேளம் நின்றது. வீரகத்தியும் நின்றான். பிடரியிலிருந்து முதுகு வரைக்கும் செள்ளு கடித்துக்கொண்டிருந்தது. அவன் சொறியவில்லை.

"போகாதையும்" என்றான்.

அவனுடைய சொந்தக் குரல் அது.

"போகாதையும், கமலா. மயிலைக் கலைக்க என்னாலை ஏலாது. வருசா வருசம் தின்னத்தான் போகுது. கஞ்சிதான் குடிக்கவேண்டி வரும். அப்பிடியெண்டாலும் இரும். நீர் இல்லாமல் எனக்கு ஏலாது."

"சாமிக்கே ஏலாதாமோ?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். "தன்ரை வாகனத்தைச் சாமி எப்பிடிக் கலைக்கிறது?" என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார். இரண்டும் வீரகத்தியின் காதில் விழவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு சிரிப்பில் துடித்தது, கண் நிறைந்து வழிந்தது.

"உத்தரவு சாமி. இருக்கிறன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிறகு விபூதி வாங்குகிற சாட்டில் அவனோடு ஒட்டி நின்று, கூப்பிய கைகளை ஒன்றோடொன்று உரசிச் சொறிந்துகொண்டு, வாய்க்குள் சொன்னாள்:

"கெதியா வாய்க்காலுக்கு வாங்கோ. எனக்கும் கடிக்குது."